ஒரு குழந்தை காணாமல் போனது. ஒரு நாடே தீர்ப்புச் சொன்னது



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பக்கத்தில் ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்திட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பாதியை மட்டும் தெரிந்துகொண்டு முழுத் தீர்ப்புச் சொன்னவர்களைப் பற்றியதே இந்தப் பதிவு.

கடந்த தவணையில் நமது பிரதேசத்தில் ஒருவர் காணாமல் போனதும், சில நாட்களின் பின் மையித்தாகக் கண்டெடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. விசாரணை இன்னும் முடியவில்லை. அதனால் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இங்கே எழுதப்போவதில்லை. யாரும் கருத்துப் பகுதியிலும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவோம்.

ஆனால் அந்த நாட்களில் நாம் எப்படி இருந்தோம் என்பதைப் பேசித்தான் ஆகவேண்டும். இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் ஐந்து தொலைபேசிகள் வெளியே வரும். ஐந்திலும் ஐந்து கதைகள். “சீசீடிவியில ஆள் தெரியுதாம்”, “காணிப் பிரச்சினையாம்”, “வீட்டு ஆக்கள்தானாம்.” ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருவன் வகுப்பில் எழும்பி, “சேர், ஆள் யாரெண்டு தெரிஞ்சிட்டாமே?” என்று கேட்டான். யார் சொன்னது என்று கேட்டோம். “குரூப்ல வந்த சேர்” என்றான். அவனுக்கு அது போதுமான ஆதாரம். நமக்கும் அப்படித்தான் இருந்தது.

அதே நாட்களில் எமது பாடசாலையில் ஒரு பிள்ளையின் இடம் ஒன்பது நாட்கள் வாங்கில் வெறுமையாக இருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறோம்.

வரலாறு படிப்பிக்கும் நாம், பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகச் சொல்லலாம் என்று தேடிப் படித்த ஒரு சம்பவம் இருக்கிறது. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் அவுஸ்திரேலியாவில் நடந்தது. அப்போது முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. ஆனாலும் ஒரு நாடு முழுவதும் துப்பறிவாளராக மாறியது.

*பாலைவனத்தில் ஓர் இரவு*

அவுஸ்திரேலியாவின் நடுவே, மணல் வெளியில் தனியாக எழுந்து நிற்கும் மாபெரும் செந்நிறப் பாறை உலுரு. அன்றைக்கு வெள்ளையர் அதை ‘அயர்ஸ் ரொக்’ என்றழைத்தனர். 1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி அங்கே ஒரு குடும்பம் கூடாரமடித்துத் தங்க வந்தது. தந்தை மைக்கல் சேம்பர்லைன், ஒரு கிறிஸ்தவ போதகர். தாய் லிண்டி. இரண்டு சிறு ஆண் பிள்ளைகள். கைக்குழந்தை அசாரியா. அவள் பிறந்து இன்னும் பத்து வாரங்கள்கூட ஆகவில்லை.

மறுநாள் 17ஆம் திகதி இரவு, கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளி மற்றப் பயணிகளோடு சேர்ந்து இரவுச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குள் குழந்தை உறங்கியது. ஓர் அழுகுரல் கேட்டது. தாய் பார்க்கப் போனாள். டிங்கோ ஒன்று கூடாரத்திலிருந்து வெளியேறுவதைக் கண்டாள். டிங்கோ என்பது அந்நாட்டுக் காட்டு நாய். தன் பிள்ளையை டிங்கோ கொண்டுபோய்விட்டது என்று அவள் அலறினாள். உள்ளே தொட்டில் வெறுமையாக இருந்தது.

அந்த இரவில் நடந்ததைக் கவனியுங்கள். ஏறக்குறைய 300 பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், கையில் விளக்குகளுடன் வரிசையாக நின்று இருட்டில் புதர் புதராகத் தேடினார்கள். ஓகஸ்ட் அங்கே குளிர்காலம். அந்தக் குளிரில், முகம் தெரியாத ஒருவருடைய பிள்ளைக்காக நடந்தார்கள். மனிதர்களின் நல்ல முகம் அது.

அந்த மண்ணின் பூர்வீக மக்களான அனங்கு இனத்தவரும் தேடலில் சேர்ந்தனர். தடம் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் எவருமில்லை. கூடாரத்திலிருந்து ஒரு டிங்கோ புறப்பட்டுப் போனதையும், அது பாரமான எதையோ சுமந்து சென்றதையும், வழியில் ஓரிடத்தில் அதைக் கீழே வைத்ததையும் அவர்கள் மணலில் வாசித்தனர். நாம் பத்திரிகை வாசிப்பதுபோல அவர்களுக்கு மணல்.

எட்டாம் நாள், ஓகஸ்ட் 24, கூடாரத்திலிருந்து சுமார் 4 கிலோமீற்றர் தொலைவில் ஒரு சுற்றுலாப் பயணி குழந்தையின் இரத்தக்கறை படிந்த உடுப்புகளைக் கண்டெடுத்தார். குழந்தை போட்டிருந்த சிறிய மேற்சட்டை மட்டும் அவற்றில் இல்லை. அப்படியொரு மேற்சட்டை இருந்தது என்று தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தையின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

*கதைகள் பிறந்தன*

உடல் இல்லை, நேரில் கண்ட வேறு சாட்சி இல்லை. அந்த வெற்றிடத்தில் கதைகள் முளைத்தன.

“அசாரியா என்றால் ‘பாலைவனத்தில் பலி’ என்று அர்த்தமாம்.” அப்படி ஒரு அர்த்தமே கிடையாது. அது பைபிளில் வரும் பெயர். ‘இறைவன் உதவினான்’ என்பது அதன் பொருள். ஒரு அகராதியைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். எவரும் திறக்கவில்லை.

“குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டவளாம்.” கறுப்புச் சட்டை ஒன்று இருந்தது உண்மை. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

“வீட்டில் சின்ன மையித்துப் பெட்டி வைத்திருந்தார்களாம்.” தந்தை புகைத்தலுக்கு எதிரான பிரசாரங்களில் காட்சிக்கு வைத்த பெட்டி அது.

“பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா இருப்பாள்? தொலைக்காட்சியில் அழவேயில்லையே.” இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ‘ஆதாரம்’ ஆனது. கமராவுக்கு முன்னால் அவள் தெளிவாக, அடக்கமாகப் பேசினாள். நேர்த்தியாக உடுத்தினாள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு உடை. அதையும் எண்ணினார்கள். மௌத்தான வீடுகளுக்குப் போய்வரும் நமக்குத் தெரியும், துக்கம் எல்லோரிடமும் ஒரே மாதிரி வெளிவருவதில்லை. சிலர் அலறுவார்கள். சிலர் வந்தவர்களுக்குக் கதிரை போடுவார்கள். கதிரை போட்டவரின் துக்கம் குறைந்தது என்று யார் அளந்து சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. அந்தக் குடும்பம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற சிறிய சபையைச் சேர்ந்தது. மற்றக் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடும்போது இவர்கள் சனிக்கிழமையைப் புனித நாளாகக் கொள்வார்கள். பன்றி இறைச்சியும் மதுவும் தொடமாட்டார்கள். வித்தியாசமான ஒரு சிறுபான்மை. அவ்வளவுதான், “அவர்களது சமயத்தில் நரபலி இருக்கிறதாம்” என்ற கதை பரவியது. சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை.

1980 டிசம்பரில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் மரண விசாரணை தொடங்கியது. விசாரணை அதிகாரி டெனிஸ் பரிட், 1981 பெப்ரவரி 20ஆம் திகதி தனது முடிவைத் தொலைக்காட்சியில் நேரலையாக அறிவித்தார். அந்நாட்டில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. காரணம் வதந்திகள்தான். மக்கள் காதால் நேரே கேட்டால் கதைகள் அடங்கும் என்று நம்பினார். குழந்தையை எடுத்தது டிங்கோ, பெற்றோர் மீது குற்றமில்லை என்றார். உடலை அதன்பின் யாரோ அடையாளம் தெரியாதவர் அகற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

கதைகள் அடங்கவில்லை. “மூடி மறைத்துவிட்டார்கள்” என்று இன்னும் ஒரு கதை கூடியது.

*வதந்தி ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது*

நாம் அதிகம் யோசித்த இடம் இது. வதந்தி தெருவோடு நின்றால் அதன் கேடு ஓரளவு. அது விசாரணை செய்பவரின் மனதுக்குள் போனால்?

இலண்டனிலிருந்த பிரபலமான தடயவியல் பேராசிரியர் ஒருவர் குழந்தையின் உடுப்புகளைப் பரிசோதித்து, கழுத்து கூரிய ஆயுதத்தால் வெட்டப்பட்டிருக்கிறது என்றார். உடலை அவரும் பார்க்கவில்லை, எவரும் பார்க்கவில்லை. 1981 செப்டம்பரில் பொலிசார் வழக்கைத் திரும்பத் திறந்தனர். குடும்பத்தின் டொரானா காரைக் கைப்பற்றிச் சோதித்தார்கள். காரின் முன்பகுதியில், கருவிலுள்ள பிள்ளைகளுக்கும் பிறந்த சிசுக்களுக்கும் மட்டுமே உரிய வகை இரத்தம் தெறித்திருப்பதாக அரச ஆய்வாளர் கூறினார். முதல் விசாரணையின் முடிவு இரத்தானது. இரண்டாவது விசாரணை, அதைத் தொடர்ந்து கொலை வழக்கு.

1982 செப்டம்பரில் டார்வின் நகரில் வழக்கு தொடங்கியது. நீதிமன்றத்துக்கு வெளியே ‘டிங்கோ நிரபராதி’ என்று அச்சடித்த டீசேர்ட்டுகளுடன் சனம் நின்றது. ஒரு பிள்ளையின் மரணம் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. தாய் சில நிமிடங்களுக்குள் காருக்குள் வைத்துப் பிள்ளையின் கழுத்தை அறுத்து, உடலை மறைத்துவிட்டு, மற்றவர்களிடம் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்தாள் என்பதே அரச தரப்பின் வாதம். ஏன் அப்படிச் செய்தாள்? அதற்கு எந்தக் காரணத்தையும் அவர்கள் முன்வைக்கவில்லை.

ஒக்டோபர் 29ஆம் திகதி ஜூரி சபை குற்றவாளி என்றது. லிண்டிக்கு ஆயுள் தண்டனை. மைக்கலுக்கு, குற்றத்தை மறைக்க உதவினார் என்று ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அப்போது லிண்டி நிறைமாதக் கர்ப்பிணி. நவம்பர் 17ஆம் திகதி சிறைக் காவலில் இருந்தபடியே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சிறிது நேரத்தில் பிள்ளையை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மேன்முறையீடு முடியும்வரை பிணை கிடைத்தது. 1983 ஏப்ரலில் மேன்முறையீடு தோற்று, மீண்டும் சிறை. 1984 பெப்ரவரியில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் கைவிரித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.

*ஒரு சின்னச் சட்டை*

1986 ஜனவரியில் உலுருப் பாறையில் ஏறிய ஆங்கிலேயப் பயணி ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அவரது உடலைத் தேடியபோது, டிங்கோக்களின் குகைகள் நிறைந்த பகுதியில், மண்ணில் பாதி புதைந்தபடி ஒரு சின்னஞ்சிறிய மேற்சட்டை கிடைத்தது. தாய் ஐந்தரை வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே சட்டை. பொய் என்று சொல்லப்பட்ட அதே சட்டை.

1986 பெப்ரவரி 7ஆம் திகதி லிண்டி விடுவிக்கப்பட்டாள். மூன்று வருடங்களை அண்மித்த சிறைவாசம்.

நீதிபதி ட்ரெவர் மோர்லிங் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 1987இல் வெளியான அதன் அறிக்கையை வாசித்தால் தலை சுற்றும். காரில் தெறித்திருந்த ‘சிசுவின் இரத்தம்’ இரத்தமே அல்ல. தொழிற்சாலையில் கார் தயாரிக்கும்போது இரைச்சலைக் குறைக்கப் பூசுகிற ஒரு வகைக் கலவையின் தெறிப்பு. அதே ரகக் கார்கள் மற்றவற்றிலும் அது இருந்தது. இன்னொன்று: அந்தக் குடும்பம் வாழ்ந்த மவுண்ட் ஐசா ஒரு செப்புச் சுரங்க நகரம். காரில் செப்புத் தூசு படிந்திருந்தது. இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்திய இரசாயனம், செப்புத் தூசு பட்டாலும் இரத்தம் பட்டதுபோலவே நிறம் மாறும். பரிசோதனைத் தட்டுகளைத் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. வழக்குக்கு முன்னரே அவை அழிக்கப்பட்டிருந்தன.

யாரும் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லவில்லை. நாடே ‘அவள்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டில் வாழும் ஆய்வாளரின் கண்ணும் அதையே தேடியது. தேடியது கிடைத்தது. தேடாதது கண்ணெதிரே மணலில் கிடந்தது.

1982 வழக்கில் அனங்கு மக்களின் அறிவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. ஆணைக்குழு அவர்களது சாட்சியத்தைக் கேட்டது. டிங்கோக்களால் ஆபத்து வரும் என்று அந்தப் பூங்காவின் தலைமைக் காவலர் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுத்தில் எச்சரித்திருந்ததும், சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்னர் ஒரு சிறுமியை டிங்கோ தாக்கியிருந்ததும் எல்லாம் ஏற்கனவே இருந்த தகவல்கள். இருந்தும் அவை கதைகளுக்குக் கீழே புதைந்துபோயிருந்தன.

1988 செப்டம்பரில் இருவர் மீதான தீர்ப்பும் இரத்துச் செய்யப்பட்டது. 1992இல் 13 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு. 1995இல் மூன்றாவது மரண விசாரணை முடிவெதுவும் சொல்லாமல் விட்டது. கடைசியாக 2012 ஜூன் 12ஆம் திகதி, நான்காவது விசாரணையில், அதிகாரி எலிசபெத் மொரிஸ் சொன்னார்: குழந்தையை எடுத்துச் சென்றது டிங்கோ. குடும்பத்திடம் அனுதாபமும் தெரிவித்தார். அசாரியா உயிரோடிருந்திருந்தால் அதற்கு முதல் நாள் அவளுக்கு 32 வயது பூர்த்தியாகியிருக்கும்.

அந்தத் தாய் முதல் இரவில் சொன்ன ஒரு வசனத்தை அரசு ஏற்க ஏறக்குறைய 32 வருடங்கள் எடுத்தன.

*ஓநாயும் டிங்கோவும்*

இதைப் படிக்கும்போது நமக்கெல்லாம் ஒரு கதை நினைவுக்கு வராமல் இருக்காது. யூசுப் நபியின் சகோதரர்கள் அவரைக் கிணற்றில் போட்டுவிட்டு, பொய் இரத்தம் பூசிய சட்டையோடு வாப்பாவிடம் வந்து, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். சட்டை கிழியாமல் இருந்ததை யஃகூப் நபி கவனித்ததாக முஃபஸ்ஸிர்கள் சொல்வார்கள். அங்கே ஓநாய் மீது சொல்லப்பட்டது பொய். இங்கே டிங்கோ மீது சொல்லப்பட்டது உண்மை. அவுஸ்திரேலிய மக்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “மிருகம் என்றால் உடுப்பு இன்னும் கிழிந்திருக்க வேண்டாமா?” ஒரே அடையாளம். ஓரிடத்தில் உண்மைக்கு வழி காட்டியது, இன்னோரிடத்தில் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியது.

ஏன் இந்த வித்தியாசம்? யஃகூப் நபி தம் மக்களை அறிந்திருந்தார். அல்லாஹ்விடமிருந்து வந்த அறிவும் அவரிடம் இருந்தது. அப்படியிருந்தும் அவர் பொறுமையைத்தான் பற்றிப்பிடித்தார். டார்வின் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றவர்களோ லிண்டியையும் அறியமாட்டார்கள், டிங்கோவையும் அறியமாட்டார்கள். டிங்கோவை அறிந்தவர்கள் அனங்கு மக்கள். அவர்களிடம்தான் யாரும் கேட்கவில்லை.

*மணல் போய்த் திரை வந்தது*

“அது அந்தக் காலம் சேர், இப்ப எல்லாம் வெளிச்சம்” என்று ஒருவர் சொன்னார். வெளிச்சம்தான். வேகமும் கூட.

2013 மார்ச்சில் அமெரிக்காவில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் காணாமல் போனார். குடும்பம் முகநூலில் பக்கம் திறந்து தேடியது. ஏப்ரல் 15இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. சந்தேகநபர்களின் மங்கலான படங்களை அதிகாரிகள் வெளியிட்டதும், இணையத்தில் கூடிய ஆயிரக்கணக்கானோர் ‘ஒப்பிட்டுப் பார்த்து’ அந்த மாணவர்தான் என்று முடிவெடுத்தார்கள். பிள்ளையைத் தேடுவதற்காகக் குடும்பம் திறந்த பக்கத்தில் வசைமாரி. பக்கத்தை மூடவேண்டி வந்தது. ஒரு சில மணி நேரத்தில் உண்மையான சந்தேகநபர்களின் பெயர்கள் வெளியாகின. ஏப்ரல் 23ஆம் திகதி அந்த மாணவரின் உடல் ஓர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குண்டு வெடிக்கும் முன்னரே அவர் இறந்துவிட்டிருந்தார். மகனைத் தேடிய பெற்றோர், மகன் பயங்கரவாதி அல்ல என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

நமது நாட்டையும் பார்ப்போம். 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவப் பகுதியில் உறங்கிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி காணாமல் போய், கொலை செய்யப்பட்டுக் கிடந்தாள். நாடே கொதித்தது. முதலில் 17 வயது மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைதானார்கள். அவர்களைப் பற்றி ஊடகங்களும் முகநூலும் எழுதாததில்லை. மரபணு பொருந்தவில்லை, விடுதலை. அடுத்து வேறொருவர் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே செய்தி வந்தது. அவரது மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் அவரது சகோதரரின் மரபணு பொருந்தியது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை வழங்கியது. குற்றவாளி பிடிபட்டது நல்லது. ஆனால் அதற்கு முன்னர் நாடு மூன்று பேரை ‘அவன்தான்’ என்று சொல்லி முடித்திருந்தது. அந்த மாணவனுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

2019 ஏப்ரலில் குண்டுத்தாக்குதல்களின் பின், தேடப்படுபவர்கள் என்று வெளியிடப்பட்ட படங்களில் அமெரிக்காவில் வாழும், இலங்கை வம்சாவளி முஸ்லிம் பெண் ஒருவரின் படம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. பின்னர் அதிகாரிகள் தவறை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் படம் உலகைச் சுற்றிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது எழுந்த குற்றச்சாட்டும், அது பரவிய வேகமும் நமக்கு மறக்கக்கூடியதா? அந்த நாட்களில் கடைகளில், பஸ்களில், அலுவலகங்களில் நம்மைப் பார்த்த பார்வைகள் இன்னும் முதுகில் இருக்கின்றன. “விசாரிக்காமல் இப்படிப் பேசலாமா?” என்று அன்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை நம்மிடம் கேட்டுக்கொள்ள நாம் மறந்துவிட்டோம்.

*ஏன் இப்படிச் செய்கிறோம்?*

நாம் எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பயத்தால் என்றே நினைக்கிறோம்.

உலுருவில் பிள்ளையை எடுத்தது டிங்கோ என்றால், நாளை யாருடைய கூடாரத்துக்கும் அது வரலாம். தாய்தான் செய்தாள் என்றால் மற்றத் தாய்மார் நிம்மதியாக உறங்கலாம். நம் ஊரிலும் அதேதான். ஆள் யாரென்று தெரியாதவரை ஒவ்வொரு வீட்டுக் கதவும் பயத்தோடு பூட்டப்படுகிறது. ‘இன்னார்தான்’ என்று ஒரு பெயர் கிடைத்ததும் ஊர் மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்காக நாம் ஒருவரின் பெயரைக் கொடுக்கிறோம். அந்தப் பெயருக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அப்போது ஞாபகம் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சும்மா இருப்பது கஷ்டம். ஏதாவது செய்ய வேண்டும்போலிருக்கும். அன்றிரவு 300 பேரும் நடந்தார்கள். அது உதவி. நாம் விரலால் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டு, நாமும் உதவினோம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இஃப்க் சம்பவத்தை எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அன்னை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் மீது மதீனாவில் ஒரு மாதம் பேசப்பட்டது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போன பேச்சுத்தான் அது. கேட்டுவிட்டு அழுகிறோம். வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறக்கிறோம்.

*அந்த வெறுமையான இடம்*

இப்போது அந்தப் பிள்ளையின் கதை.

நமது பிரதேசச் சம்பவத்தில், பொலிசார் வாக்குமூலம் பெற்று வீட்டுக்கு அனுப்பிய பலரில் ஒருவர் அந்தப் பிள்ளையின் வாப்பா. அன்று அவர் வேலை நிமித்தம் வேறோர் ஊரில் இருந்தது பின்னர் தெளிவானது. ஆனால் அவர் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வரும் படம் ஒன்றும், ஒரு குரல் பதிவும் அதற்கு முன்னரே ஊரெல்லாம் சுற்றிவிட்டன. பிள்ளை ஒன்பது நாட்கள் வரவில்லை. பத்தாம் நாள் வந்து கடைசி வாங்கில் தனியாக இருந்தாள். பக்கத்தில் இருக்க எவரும் போகவில்லை. யாரும் பேசாமல் விட்ட அந்த நாளைப் பார்த்துக்கொண்டு வகுப்பில் நின்றது நாம்தான்.

அந்தக் குரல் பதிவை நாமும் ஒரு குழுவில் போட்டோம். “உண்மையா தெரியாது, கவனமாக இருங்க” என்று ஒரு வரியையும் சேர்த்துத்தான் போட்டோம். அந்த வரி நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தோம். உண்மையா தெரியாது என்றால் ஏன் போட்டோம்?

பிறகு ஒரு அஸருக்குப் பின் அவரது வீட்டுக்குப் போனோம். தலையைக் குனிந்துகொண்டு, “நானா, மாப்பாக்குங்க” என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. தேநீர் தந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “சேர், வந்து கேட்டது சந்தோஷம். ஆனா குரூப்ல போட்டது நூத்தி எம்பது பேருக்கு. மன்னிப்புக் கேக்கிறது வீட்டுக்குள்ள, எனக்கு மட்டும். அது சரியா வருமா?”

பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவுதான் அந்தப் பதில். அவரது அனுமதியைப் பெற்று, அவரது பெயரைச் சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்: நாம் செய்தது பிழை. அவரிடமும் அவரது குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அந்தப் பதிவை நீங்களும் யாருக்காவது அனுப்பியிருந்தால், அனுப்பிய அதே குழுவில் அது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள்.

*இனி என்ன செய்யலாம்?*

ஒருவர் காணாமல் போனால் காத்திருக்காமல் உடனே பொலிசில் முறையிடுங்கள். 119 இருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929 இருக்கிறது.

குடும்பமோ பொலிசாரோ வெளியிட்ட படம், கடைசியாகக் கண்ட இடம், நேரம், உடுத்திருந்த உடை, தொடர்பு இலக்கம்: இவற்றை மட்டும் பகிருங்கள். ஆள் கிடைத்ததும் அழித்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமென்றால் குழுவில் போடாதீர்கள். விசாரிப்பவரிடம் நேரே சொல்லுங்கள். குழுவில் போட்ட தகவல் குற்றவாளியையும் எச்சரிக்கை செய்யும்.

வாக்குமூலம் கொடுக்கப் போனவர் சந்தேகநபர் அல்லர். சந்தேகநபர் குற்றவாளி அல்லர். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்று நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

துக்கத்தில் இருப்பவர் அழுகிறாரா, அழவில்லையா என்று பார்க்காதீர்கள்.

லிண்டிக்கு நாடெங்கிலுமிருந்து வந்த 20,000க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்று கன்பராவிலுள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆதரவும் இருக்கிறது, வசையும் இருக்கிறது. பிற்காலத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதியவர்களும் இருக்கிறார்கள். யார் என்ன எழுதினார்கள் என்பது அங்கே அப்படியே கிடக்கிறது. நாம் குழுவில் எழுதியதை ‘எல்லோருக்கும் அழி’ என்று அழித்துவிடலாம். நமது வலது, இடது தோள்களில் எழுதிக்கொண்டிருப்பவர்களின் ஏட்டில் அந்த வசதி இல்லை.

நேற்று அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளை போய் இருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியைக் கொடுத்தாள். நமக்குப் பாடம் எடுத்தவள் அவள்தான்.

அல்லாஹ் நமது நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக. காணாமல் போனவர்களைத் தேடி நிற்கும் எல்லாக் குடும்பங்களுக்கும், எந்த இனமானாலும் எந்த சமயமானாலும், உண்மையையும் ஆறுதலையும் கொடுப்பானாக. ஆமீன்.

விரும்பினால் பகிருங்கள். பகிர முன்னர் நாம் சொன்ன திகதிகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிழையிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.